நாலாம் பக்கம்

உத்தமபாளையத்தில் மோட்டார் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்த கர்ணன், திராட்சைத் தோட்டங்களுக்கு எச்சரிக்கைப் பெட்டி செய்ய ஆரம்பித்து நாலு வருடம் ஆகிறது. இலையில் ஈரம் அளவுக்கு மேல் நின்றால் செவட்டை நோய் வரும். அதற்கு முன்பே பெட்டி விவசாயிக்குப் போன் அடிக்கும். உடனே மருந்தடித்தால் பந்தல் பிழைத்தது.

பெட்டியின் புரோகிராமை எழுதியவள் ஜெபஷீலா. கோயம்புத்தூரில் வேலை கிடைத்துக் கிளம்பும்போது, எதற்கு எந்தக் கட்டளை அடிப்பது என்று ஒரு நோட்டு எழுதிக் கொடுத்தாள். "எல்லாத்தையும் தமிழ்லயே எழுதிரு ஆத்தா" என்று கேட்டவன் கர்ணன்தான்.

ஐப்பசியில் சுருளிப்பட்டி பவானியின் பெட்டியில் மெமரி சிப் கெட்டது. பவானி தனி ஆளாகப் பன்னீர் திராட்சை பார்க்கிறாள். புருஷன் வேல்பாண்டி குமுளியில் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஜீப் ஓட்டுகிறான். ஒரு வெள்ளாமை பொய்த்தாலும் பந்தலை வெட்டித் தென்னை வைப்பது என்று இருவருக்கும் பேச்சு.

ஜெபஷீலா கோயம்புத்தூரிலிருந்து அனுப்பிய புதுச் சிப் பொட்டலத்தில் அவள் ஒட்டிய சீட்டு இருந்தது. 'பக்கம் 4.' கர்ணன் நோட்டில் நாலாம் பக்கத்தைப் புரட்டினான். 2048 என்று அளவு போட்ட ஒரு கட்டளை. அதை அப்படியே அடித்து, பவானியின் போன் நம்பர், ஈர அளவு எல்லாம் அடங்கிய ஃபைலைத் தயார் பண்ணிச் சிப்பில் ஏற்றினான். பச்சை லைட் எரிந்தது. மாட்டிவிட்டு வந்துவிட்டான்.

அடுத்த வாரம் மூன்று நாள் தூறல். நாலாம் நாள் இலையெல்லாம் செவட்டை. காய் கருகிக் கொட்டியது. வேல்பாண்டி குமுளியிலிருந்து இறங்கி வந்து கர்ணனைக் கூப்பிட்டுவிட்டான்.

"மாப்ள, பெட்டி கூப்பிட்டுச்சா, இல்லையா? இவ போனே வரலங்கிறா."

கர்ணன் பெட்டியைப் பார்த்தான். "பச்சை லைட்டு எரியுதுல்ல. கூப்பிட்டிருக்கும் மாப்ள."

"கேட்டுக்க" என்றான் வேல்பாண்டி, பவானியிடம். "இங்கன போனை எங்கயாச்சும் வச்சுட்டுத் தூங்கியிருப்ப."

பவானி கொட்டிக் கிடந்த காயைப் பொறுக்கிக் கூடையில் போட்டாள்.

ஒரு வாரம் கழித்து அதே பொட்டலத்தில் இருந்த இன்னொரு சிப்பில் அதேபோல ஏற்றி, வேறொரு பெட்டியில் போட்டு, தண்ணீர் தெளித்துப் பார்த்தான் கர்ணன். போன் வரவில்லை. திரும்பத் தெளித்தான். வரவில்லை. ஜெபஷீலாவுக்குப் போன் அடித்து விஷயத்தைச் சொன்னான்.

"சீட்டுல எழுதியிருந்தேனேண்ணே, பக்கம் நாலுன்னு."

"அதான் நாலாம் பக்கத்தப் பாத்து அடிச்சேன்."

"அது நோட்டுப் பக்கம் இல்லண்ணே. சிப்புக்குள்ளயும் பக்கம் பக்கமாத்தான் எழுதும். பேஜ் சைஸ். பழசுக்கு ரெண்டு கே, அதான் 2048. புதுசுக்கு நாலு கே. 4096ன்னு போட்டிருக்கணும். தமிழ்ல கேட்டீக, பக்கம்னு எழுதுனேன்."

"பச்சை லைட்டு எரிஞ்சுச்சே."

"எரியும். அளவு மாறுனா சிப்புக்குள்ள இருக்கறதப் பெட்டியால படிக்க முடியாது. அழிச்சுட்டு, வெறுஞ்சிப்பா ஓட ஆரம்பிச்சுரும். நம்பரே இல்லாம அது யாரண்ணே கூப்பிடும்?"

கர்ணன் வண்டியை எடுத்துக்கொண்டு சுருளிப்பட்டிக்குப் பறந்தான். தோட்டத்தில் ஆட்கள் கொடியை அடியோடு அறுத்துக்கொண்டிருந்தார்கள். பந்தலில் பாதி தரையில் கிடந்தது.

"மாப்ள, தப்பு என்மேல" என்றான் மூச்சு வாங்க. நடந்ததைச் சொன்னான். வேல்பாண்டிக்குப் பக்கமும் அளவும் புரிந்ததோ என்னவோ, போன் வரவே இல்லை என்பது புரிந்தது.

"நிப்பாட்டுங்கப்பா" என்றான் ஆட்களிடம்.

பவானி அறுந்த கொடிகளின் நடுவே நின்றாள். "பெட்டி தப்புன்னா நிப்பாட்டுறாக. நான் தப்புன்னப்ப அறுக்க ஆள் விட்டாக" என்றாள், யார் முகத்தையும் பார்க்காமல். பிறகு கர்ணன் பக்கம் திரும்பினாள். "நீங்க அன்னைக்குச் சொன்னப்புறம் எனக்கே சந்தேகம் வந்துருச்சுண்ணே. தூங்கிட்டோம் போலன்னு."

'தெரியல, பாத்துட்டுச் சொல்றேன்' என்று அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதைத்தான் கர்ணன் நினைத்துக்கொண்டிருந்தான்.

"மிச்சம் இருக்கறதுக்கு மருந்து அடிக்கட்டுமா?" என்று கேட்டான் வேல்பாண்டி, மெதுவாக.

"எங்கிட்ட எதுக்குக் கேக்குறீக" என்றாள் பவானி. வீட்டுக்கு நடந்துவிட்டாள்.