பலகைக்குப் போன முந்தானை

2024 யூலை 9, செவ்வாய். பலகையின் முகத்தை மட்டும் அளந்து துணி வாங்கிவிட்டேன். ஓரங்களைப் பின்னால் மடித்து ஆணி அடிக்க வேண்டும் என்பது நினைவுக்கு வரவில்லை. பிழை என்னுடையது.

மாலைத் தையல் வகுப்பில் நாள்தோறும் ஏதாவது எழுதச் சொல்லியிருந்தார்கள். அன்று டிலுசா அவ்வளவுதான் எழுதினாள். வியாழன் காலை அக்கா நிறஞ்சனா இறந்துபோனாள்.

வெள்ளிக்கிழமை, பதப்படுத்தி மலர்ச்சாலையிலிருந்து கொண்டுவந்த உடலை உள்ளறைக் கட்டிலில் கிடத்திவிட்டு, அம்மா திரும்பாமலே கையை நீட்டினாள்.

"பிள்ளை, அவளின்ரை கலியாணச் சாறியை எடு."

புருசனுக்கு முன்னே போகிறவள் கலியாணச் சாறியோடுதான் போகவேண்டும். டிலுசா அலுமாரியைத் திறந்தாள். சாறி கண்ணுக்கு முன்னேதான் இருந்தது. கைதான் போகவில்லை.

அக்கா முன்பள்ளி ஆசிரியை. படுக்கையில் விழுந்த பிறகும் அவளுடைய கதையெல்லாம் பள்ளியின் அறிவித்தல் பலகையைப் பற்றித்தான். மழை ஒழுகிக் கறை பிடித்த வெறும் பலகை. பிள்ளைகள் கீறிய படங்களை அதில் குத்தினால் கறைதான் முதலில் தெரியும். துணி போர்த்துத் தருவதாகச் சொல்லி அதை வீட்டுக்கே எடுப்பித்திருந்தாள். டிலுசா வாங்கிவந்த துணி போதாது என்றதும் சிரித்தாள்.

"இதுக்கோ நீ வகுப்புக்குப் போறனி?"

"வேறை வாங்கிக்கொண்டு வாறன்."

"வேண்டாம். என்ரை கலியாணச் சாறியை எடு. முந்தானை காணும்."

"விசர்க் கதை கதைக்காதை அக்கா."

"எப்பிடியும் மண்ணுக்குள்ளை போறதுதானே. முழுசா என்னோடை வரவேணுமோ? வெட்டு டிலு. அம்மாவுக்கு நான் சொல்லுறன்."

சொல்ல அவளுக்கு நாள் இருக்கவில்லை.

"என்ன பாத்துக்கொண்டு நிக்கிறாய்?" என்றாள் அம்மா.

டிலுசா சாறியைக் கொடுத்தாள். அம்மா உதறினாள். சந்தன நிறத்தில் வெள்ளிப் பூக்கள் விரிந்துகொண்டே வந்து, நூல் பிரிந்த ஓரத்தில் சட்டென்று நின்றன. அம்மா அந்த ஓரத்தை விரல்களுக்கிடையில் பிடித்தாள்.

"ஆர் வெட்டினது?"

"நான்தான். அக்கா சொன்னவா. பலகைக்கு."

"உனக்குக் கை வந்ததோ?"

"அவாதான் மற்ற நுனியைப் பிடிச்சுத் தந்தவா, அம்மா."

அம்மா கட்டிலில் கிடந்தவளின் முகத்தைப் பார்த்தாள். வெளியே கதிரைகள் இறக்கும் சத்தம். கதவுக்கு அப்பால் அக்காவின் கணவன் மெல்ரொன் கேட்டான்:

"மாமி, முடிஞ்சுதே? ஆக்கள் வந்திட்டினம்."

"கொஞ்சம் நில்லுங்கோ தம்பி." பிறகு குரலைத் தாழ்த்தி, "எங்கை அது?"

டிலுசா கட்டிலின் கீழிருந்து பலகையை இழுத்தாள். மூன்று பக்கம் ஆணி அடித்திருந்தது. நாலாவது பக்கம் தொங்கியது. அம்மா குந்தியிருந்து ஒரு மூலையைத் தடவினாள்.

"இது ஏன் இப்பிடிப் புடைச்சுக்கொண்டு நிக்குது? அவள் பாக்கேல்லையோ?"

"பாத்தவா. கழட்டித் திருப்பி அடி எண்டவா. நாளைக்குச் செய்யிறன் எண்டு விட்டிட்டன்."

அம்மா எழுந்தாள். "பிடி" என்றாள்.

இருவருமாக உடுத்தினார்கள். சாறி தோள்வரைதான் வந்தது. வெட்டிய ஓரத்தை உள்ளே மடித்துப் பிடித்தபடி அம்மா ஊசி கேட்டாள். பலகைக்கு வாங்கிய குண்டூசிப் பெட்டிதான் டிலுசாவின் கைக்கு எட்டியது.

மெல்ரொன் உள்ளே வந்தான். மனைவியின் தோளில் கை வைத்தான். முந்தானை விழவேண்டிய இடத்தில் விரல்கள் நின்றன. நிலத்தில் கிடந்த பலகையைப் பார்த்தான். அதே பூக்கள்.

"ஆக்கள் மிதிச்சுப்போடுவினம்" என்று பலகையைத் தூக்கி அலுமாரிக்கு மேலே வைத்தான். தொங்கிய துணியை மெல்ல ஒதுக்கிவிட்டான்.

சேமக்காலையிலிருந்து வந்து கால் கழுவியபின் டிலுசா எழுத உட்கார்ந்தாள்.

யூலை 12, வெள்ளி. அக்காவை அடக்கம் செய்தோம். நாளை இடது மூலையைக் கழற்றித் திரும்ப மடிக்க வேண்டும். பிறகு நாலாவது பக்கம் அடிக்க வேண்டும். துணியை இழுத்துப் பிடிக்க அம்மாவைக் கேட்க வேண்டும்.