உள்ளபடி எடுக்கும் கேமரா

கழுத்து எலும்பு தேய்ந்திருக்கிறது என்று டாக்டர் சொன்னதும், செல்வகணேஷ் முதலில் கேட்டது கேமராவைப் பற்றித்தான்.

"எவ்வளவு கனம் இருக்கும்?" என்றார் டாக்டர்.

"லென்ஸ் ரெண்டும் பையும் சேத்து மூணு கிலோ வரும் டாக்டர்."

"அதைக் கழுத்துல தொங்கப்போட்டுட்டா மலை ஏறுறீங்க?" டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "மலை ஏறுங்க, நல்லதுதான். அந்த மூணு கிலோவைக் கீழே வச்சிட்டு ஏறுங்க."

செல்வகணேஷுக்குத் திருவனந்தபுரம் பழவங்காடியில் பாத்திரக் கடை. தென்காசிப் பக்கத்திலிருந்து அவன் அப்பா வந்து தொடங்கியது. வாரத்தில் ஆறு நாள் எவர்சில்வர் பளபளப்புக்கு நடுவே நிற்பவனுக்கு ஞாயிற்றுக்கிழமை மலையேற்றம்தான் மூச்சு. அதைப் பழக்கிவிட்டவள் தங்கை பொன்செல்வி. தனியார் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்பவள், மணக்காட்டில் அவன் வீட்டு மாடியிலேயே இருந்தாள். முப்பத்தாறு வயது. ஏற்றத்தில் அவள்தான் எப்போதும் முன்னால் போவாள். அண்ணனும் மதினி சுஜாவும் அவர்கள் மகள் பத்மப்ரியாவும் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் வருவார்கள்.

பொன்செல்விக்கு வெண்படை இருந்தது. முப்பது வயதில் உதட்டோரம் ஒரு பொட்டாகத் தொடங்கி, ஆறு வருடத்தில் கண்களைச் சுற்றியும் கழுத்திலும் கைவிரல்களிலும் பரவிவிட்டது. அதை மறைக்க அவள் எதுவும் செய்ததில்லை. முழுக்கைச் சட்டை கிடையாது, மேல்பூச்சு கிடையாது. யாராவது உற்றுப் பார்த்தால் அவளும் திருப்பிப் பார்ப்பாள். ஆனால் செல்வகணேஷ் கேமராவைத் தூக்கினால் மட்டும் சட்டென்று விலகிவிடுவாள். "நீங்க நில்லுங்க, நான் எடுக்கேன்" என்று கேமராவுக்குக் கை நீட்டுவாள். நான்கு வருடமாக வீட்டில் எடுத்த எந்தப் படத்திலும் அவள் இல்லை. வெட்கம் போலும் என்று நினைத்துக்கொண்ட செல்வகணேஷ், ஒருநாளும் அதைப் பற்றிக் கேட்டதில்லை.

ஸ்டாச்சு ஜங்ஷன் பக்கம் கேமராக் கடை வைத்திருக்கும் மலையாளி மஹேஷ் பழைய பழக்கம். விஷயத்தைக் கேட்டதும் கண்ணாடி மேசை மேல் இரண்டு கேமராக்களை எடுத்து வைத்தான்.

"அண்ணா, இது முந்நூறு கிராம். ஷர்ட் பாக்கெட்ல இட்டுப் போவாம். லென்ஸ் மாத்தான் பற்றில்லா, மாத்த முடியாது. இது சின்ன ஜூம் லென்ஸ் அடக்கம் ஐந்நூறு. ஸ்க்ரீனை இங்ஙனே விரிச்சு முன்னால திருப்பலாம்."

கூட வந்திருந்த பத்மப்ரியாவுக்கு அதில் ஒன்றும் பிடிபடவில்லை. "அப்பா, போன் போரே, போதாதா?" என்றாள்.

"காட்டுக்குள்ள வெளிச்சம் கம்மி மக்ளே. போன்ல எடுத்தா இலையெல்லாம் கூழ் மாதிரி வருது" என்றான் செல்வகணேஷ். சொல்லிக்கொண்டே சின்னக் கேமராவைக் கையில் எடுத்தான். இருப்பதே தெரியவில்லை. பொத்தானை அழுத்தினான். ஒரு சத்தமும் இல்லை.

"எடுத்துதா?"

"எடுத்தாச்சு. சைலன்ட். கிளி பறக்காது, குழந்தை அழாது" என்று சிரித்தான் மஹேஷ். "ரெண்டையும் கொண்டுபோய் ஒரு ஞாயிறு நடந்து பாருங்க. வாடகைக்குத் தாரேன். அப்புறம் தீருமானிச்சா மதி, போதும்."

அந்த ஞாயிறு கல்லாற்றுக்குப் போனார்கள். முந்தின நாள் மழை பெய்திருந்ததால் ஆற்றோரப் பாதை வழுக்கியது. பாறைகளுக்கு நடுவே தண்ணீர் தெளிவாக, கூழாங்கல் தெரிய ஓடியது. செல்வகணேஷ் சின்னக் கேமராவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கைகளை வீசி நடந்தான். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு கழுத்து தன்னுடையது போல இருந்தது. ஐந்நூறு கிராம் கேமரா சுஜாவின் பையில் கிடந்தது. இரண்டுக்கும் நடுவே இனி யோசிக்க எதுவும் இல்லை என்று நினைத்தான்.

ஆற்றில் ஒரு வளைவு தாண்டியதும் பத்மப்ரியா அலறினாள். கணுக்காலில் அட்டை ஏறியிருந்தது. பொன்செல்வி அவளை ஒரு பாறையில் உட்கார வைத்து, இடுப்பில் முடிந்து வைத்திருந்த உப்பை எடுத்தாள்.

"அத்தே, ரத்தம் வருது! ரத்தம்!"

"அது குடிக்கறது ஒரு துளி. நான் ஒரு நாளைக்கு நாப்பது பேருகிட்ட எடுக்கேன், ஒருத்தரும் இப்படிக் கத்தலை" என்றாள் பொன்செல்வி. உப்பு பட்டதும் அட்டை சுருண்டு அவள் விரலிலேயே ஒட்டிக்கொண்டது. உதறிப் பார்த்தாள், விழவில்லை. மறுபடி உதறியபோது அது பறந்து போய் சுஜாவின் தோளில் விழுந்தது. சுஜா துள்ளிக் குதிக்க, பொன்செல்வி தலையைப் பின்னால் சாய்த்து வாய்விட்டுச் சிரித்தாள்.

மரங்களுக்கு நடுவே இறங்கிய வெயில் அவள் முகத்தில் விழுந்தது. சின்னக் கேமராவை மார்புயரத்தில் வைத்தபடியே செல்வகணேஷ் பொத்தானை அழுத்தினான். யாருக்கும் தெரியவில்லை.

ரோட்டுக்கு ஏறி வந்து சாயாக்கடையில் உட்கார்ந்த பிறகுதான் அந்தப் படத்தைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். பழுப்பும் வெள்ளையுமாக அவள் முகம் முழுவதும் சிரிப்பாக இருந்தது. கழுத்து நரம்பு, ஈரமான காதோர முடி, ஒரு விரல் நுனியில் உப்பு. டீ ஆறிப்போனது தெரியவில்லை. பழம்பொரித் தட்டோடு பின்னால் வந்து நின்ற பொன்செல்வியையும் அவன் கவனிக்கவில்லை.

"இது எப்போ எடுத்தே?"

"இப்பத்தான்... நீ அட்டையை எடுக்கும்போது."

"எங்கிட்ட கேக்கலையே."

"கேட்டா நீ நிக்க மாட்டியே. செல்வி, நல்லாப் பாரு. இத்தனை வருஷமா எடுத்ததுல இதாம்ட்டி நல்ல படம்."

அவள் பார்த்தாள். கொஞ்ச நேரமே பார்த்தாள். பிறகு தட்டை மேசையில் வைத்தாள்.

"அழிச்சிரு அண்ணே."

"செல்வி..."

"அழிச்சிரு."

சுஜா அவன் கையைத் தொட்டாள். அவன் அழித்தான். திரை ஒரு நொடி கருத்து, முந்தைய படமான வெறும் பாறைக்குப் போனது. திருவனந்தபுரம் வந்து சேரும்வரை காரில் பத்மப்ரியா மட்டும்தான் பேசிக்கொண்டு வந்தாள்.

"நல்ல படம் சுஜா. அவளுக்கே தெரியலை, அவ எவ்வளவு அழகா இருக்கான்னு" என்றான் வீட்டுக்கு வந்ததும்.

"இருக்கட்டும். அவ ஊசி குத்துறதுக்கு முன்னால ஒவ்வொருத்தர்கிட்டயும் 'எடுக்கட்டுமா'ன்னு கேட்டுட்டுத்தான் ரத்தம் எடுக்கா. உங்களுக்கு அவ முகத்தை எடுக்கதுக்குக் கேக்கத் தோணலை" என்றாள் சுஜா.

மறுநாள் காலை கடை திறக்கப் போகும் முன் மாடிக்கு ஏறினான். பொன்செல்வி வெள்ளைக் கோட்டுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"தப்புதாம்ட்டி" என்றான் வாசலிலேயே நின்று. "கேட்டிருக்கணும்."

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "நீ என்ன நினைச்சிருக்கே? படத்துக்கு நிக்க எனக்கு வெக்கம்னுதானே?"

அவன் தலையசைத்தான்.

"இத்தனை வருஷத்துல ஒரு தடவை கேட்டிருக்கலாம்லா" என்றவள் அலமாரியைத் திறந்து, துணிகளுக்கு அடியிலிருந்து ஒரு படத்தை எடுத்து நீட்டினாள். நான்கு வருடத்துக்கு முன் தென்காசியில் நடந்த சித்தி மகள் கல்யாணத்தில் எடுத்தது. மணமக்களுக்குப் பக்கத்தில் கடுகு நிறப் பட்டில் பொன்செல்வி. அவள் முகம் ஒரே சீராக, கோதுமை நிறத்தில், ஒரு மரு கூட இல்லாமல் இருந்தது. கைகளும் அப்படியே. இடது காது மடலை மட்டும் திருத்தியவர் மறந்துவிட்டார் போல. அங்கே மட்டும் வெள்ளை மிச்சம் இருந்தது.

செல்வகணேஷ் அதை முன்பே ஆல்பத்தில் பார்த்திருக்கிறான். பார்த்தும் அவனுக்கு ஒன்றும் உறைத்ததில்லை.

"அந்தக் கல்யாணத்துல எல்லாரும் என்னைப் பாத்தாங்க. எல்லார்கூடயும் பந்தியில உக்காந்து சாப்பிட்டேன், ஆடினேன். ஆல்பம் வந்தா அதுல நான் இல்லை. எவளோ ஒருத்தி என் சேலையைக் கட்டிட்டு நிக்கா. சித்தி போன் பண்ணி, 'பாத்தியா செல்வி, எவ்வளவு லெச்சணமா இருக்கே'ன்னு சொல்லுதா." அவள் குரல் உயரவில்லை. "அதுக்கப்புறம் யாரு போனை நீட்டினாலும் அப்படித்தான் இருக்கு. ப்ரியா போன்ல எடுத்தாலும் அதுவா முகத்தை வழவழன்னு ஆக்கிருது. இல்லாத ஒருத்தியை எடுக்கதுக்கு நான் எதுக்கு நிக்கணும்?"

"நான் எடுத்ததுல அப்படி இல்லையே செல்வி."

"தெரியும். பாத்தேன்லா. அதுல நான்தான் இருந்தேன்." அவள் மறுபடி கோட்டைப் பலகையில் விரித்தாள். "அதனாலதான் கோவம் ஜாஸ்தியா வந்துச்சு. அப்படி ஒரு படத்தைக் கேட்டுட்டு எடுத்திருக்கலாம்."

அவன் கீழே இறங்கி நேராக மஹேஷ் கடைக்குப் போனான். இரண்டு கேமராக்களையும் கொடுத்துவிட்டு, ஒரு படத்தை அழித்ததை மட்டும் சொன்னான். யாருடைய படம் என்று சொல்லவில்லை.

"அது சாரமில்லா அண்ணா, பரவாயில்லை. மெமரி கார்டுல இன்னும் இருக்கும். அஞ்சு நிமிஷத்துல எடுத்துத் தரட்டே?"

செல்வகணேஷ் அந்த நகக்கண் அளவு கார்டைப் பார்த்தான். அதற்குள் அவள் இன்னும் தலையைச் சாய்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். யாருக்கும் காட்ட வேண்டாம், தானே வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு நினைப்பு வந்தது.

"வேண்டாம்" என்றான். "முழுசா அழிச்சு, அது மேல வேற ஏதாவது எடுத்து நிரப்பிரு. என் முன்னாலயே செய்யி."

மஹேஷ் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, சொன்னபடி செய்தான்.

சனிக்கிழமை மத்தியானம் கேமரா வாங்கக் கிளம்பியபோது பொன்செல்வி செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். "நானும் வாரேன்" என்றாள்.

கடையில் அவள்தான் பேசினாள். "இதுல முகத்தை வழவழப்பாக்குற சங்கதி இருக்கா?"

மஹேஷ் ஒரு கணம் தயங்கி அவள் முகத்தைப் பார்த்தான். "உண்டு சேச்சி. வேணும்னா கொஞ்சம் கூட்டியும் வைக்கலாம்."

"கூட்ட வேண்டாம். சுத்தமா நிறுத்த முடியுமா?"

மஹேஷுக்குக் காது சிவந்தது. குனிந்து இரண்டு கேமராக்களின் மெனுக்களையும் துழாவினான். சின்னதில் ஆட்களை எடுக்கும் முறைக்குப் போனால் மிருதுவாக்குவது கொஞ்சமாவது தானாகச் சேர்ந்துகொண்டது, குறைக்கத்தான் முடிந்தது. மற்றதில் நிறுத்துவதற்குத் தனியாகவே இடம் இருந்தது. நிறுத்தி, அவளிடம் நீட்டினான்.

அவள் திரையை விரித்து முன்பக்கம் திருப்பி, அண்ணன் கையில் கொடுத்துவிட்டு, தெரு வெளிச்சம் விழும் வாசலில் போய் நின்றாள். திரையில் தெரிந்த தன்னையே வெகுநேரம் பார்த்தாள். வெளியே பஸ்கள் ஹாரன் அடித்தன. நெற்றி முடியை ஒதுக்கிக்கொண்டாள்.

"சத்தம் வை" என்றாள் மஹேஷிடம். "எடுக்கும்போது எனக்குக் கேக்கணும்."

வைத்தான்.

"எடுக்கட்டுமாட்டி?" என்றான் செல்வகணேஷ்.

"ம்."

கிளிக்.

அவள் வந்து படத்தைப் பெரிதாக்கி, சோதனைக் கூடத்தில் கண்ணாடித் தகட்டைப் பார்ப்பது போல ஒவ்வொரு இடமாகப் பார்த்தாள். பழுப்பும் வெள்ளையும் சந்திக்கும் ஓரம் ஆற்றங்கரை போல வளைந்து வளைந்து துல்லியமாக விழுந்திருந்தது.

"தாடையில இந்தப் பொட்டு புதுசு. போன மாசம் இல்லை" என்றாள். பிறகு, "இதையே வாங்கு" என்றாள்.

"சின்னதைவிட இருநூறு கிராம் கூடுதல்" என்றான் அவன்.

"உன் தண்ணி பாட்டிலை நான் சுமக்கேன்."

பழைய கேமராவை மஹேஷிடமே கொடுத்துவிட்டு, புதியதை வாங்கிக்கொண்டார்கள். மூன்று கிலோவைத் தள்ளிவைத்தபோது மனசு கொஞ்சம் கனக்கும் என்று செல்வகணேஷ் எதிர்பார்த்தான். அப்படி ஒன்றும் இல்லை.

இரண்டு வாரம் கழித்துப் பொன்முடிக்குப் போனார்கள். புல் சரிவில் காற்று ஆளைத் தள்ளியது. செல்வகணேஷ் ஒவ்வொரு தடவையும் கேட்டான். பொன்செல்வி சில தடவை சரி என்றாள், பல தடவை வேண்டாம் என்றாள். வேண்டாம் என்றால் அவன் புல்லை எடுத்தான், மேகத்தை எடுத்தான், ஷால் பறக்க ஓடும் பத்மப்ரியாவை எடுத்தான்.

கடைசியில் கேமராவை ஒரு பாறையில் வைத்து, பத்து விநாடி நேரம் கொடுத்துவிட்டு நால்வரும் ஓடிப்போய் நின்றார்கள். பத்மப்ரியாவின் கூந்தல் பறந்து மற்ற மூன்று பேர் முகத்தையும் மூடிவிட்டது.

"அய்யே, இது கொள்ளில்லா, நல்லாவே இல்லை" என்றாள் அவள். "இன்னொண்ணு எடுக்கலாம்ப்பா."

அதற்குள் மூடுபனி சரிவில் ஏறி வந்து பாறையையும் கேமராவையும் மறைத்துவிட்டது. செல்வகணேஷ் தடவிப்போய்க் கேமராவை எடுத்து வந்தான். எல்லோரும் புல்லில் உட்கார்ந்து சுஜா கொண்டு வந்த எலுமிச்சைச் சோற்றைப் பிரித்தார்கள். பக்கத்தில் இருப்பவர் முகம்கூடச் சரியாகத் தெரியவில்லை. பேச்சு மட்டும் கேட்டது. பத்மப்ரியா பள்ளிக்கூடக் கதை ஒன்றைப் பாதி மலையாளத்தில் சொல்ல, பொன்செல்வி குறுக்குக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தாள்.

அரை மணி நேரத்தில் பனி விலகி, கீழே பள்ளத்தாக்கு பச்சையாகத் திறந்தது. பொன்செல்வி கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். பத்மப்ரியாவைத் திருப்பி நிறுத்தி, தன் தலையிலிருந்த ரப்பர் வளையத்தைக் கழற்றி அவள் கூந்தலை இறுக்கிக் கட்டினாள்.

"வாங்க மதினி, வெளிச்சம் இருக்கும்போதே எடுத்துருவோம்" என்றபடி நடுவில் போய் நின்றுகொண்டாள்.