மூகனபெட்டாவின் பத்தாவது மகஜர்

பெங்களூர் நீலசந்திராவில் போர்டு எழுதும் நாராயணசாமி, தான் ஒருநாளும் ஏறியிராத மலையில் நடந்த ஒன்பது கொலைகளையும் நேரில் பார்த்தான். ஒவ்வொன்றும் பட்டப்பகலில், ஏணி மேல் நின்று ஏதாவது கடைக்குப் பெயர் எழுதிக்கொண்டிருக்கும்போது நடந்தது. முதலில் உள்ளங்கால் குளிரும். பிறகு பெயிண்ட் வாசனை விலகிக் காட்டுப்புல் வாசனை ஏறும். பார்த்துவிட்டுத் திரும்பும்போது பிரஷ் நுனியில் பெயிண்ட் சொட்டாமல் அப்படியே நிற்கும்; காலில் மட்டும் செம்மண் அப்பியிருக்கும், கைலி ஓரத்தில் ஒட்டுப்புல் நிறைந்திருக்கும். வீட்டில் அவன் மனைவி சின்னத்தாயி அதை ஒவ்வொன்றாகப் பறித்துப் போட்டுக்கொண்டே, தக்காளி விலை சொல்கிற குரலில், "இந்த வருஷத்துல இது மூணாவது" என்பாள்.

இதற்கெல்லாம் மூலம் இன்ஸ்பெக்டர் டென்சில். மூகனபெட்டா என்பது பெங்களூரிலிருந்து ஒன்றரை மணி நேரத் தூரத்தில் இருக்கும் மொட்டைப்பாறை மலை. அடிவாரத்தில் அதே பெயரில் ஒரு சிற்றூர், அதில் ஒரு போலீஸ் ஸ்டேஷன். ரிச்சர்ட்ஸ் டவுன்காரரான டென்சிலுக்கு உயரம் என்றால் ஆகாது. அவர் வீட்டு மாடி பால்கனியில் இருக்கும் ரோஜாத் தொட்டிகளுக்குக்கூட மனைவி மௌரீன்தான் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஆள் தராதரம் அறிந்த இலாகா அவரையே தேடிப் பிடித்து மலைக்குப் போட்டது. நான்கு வருடத்தில் அவர் மலைப்படிக்கட்டில் ஏழாவது படிக்கு மேல் போனதில்லை. ஆனாலும் எந்தக் கொலையும் மூன்று நாளைத் தாண்டியதில்லை. கான்ஸ்டபிள்கள் பிணத்தைக் கீழே தூக்கி வருவார்கள். டென்சில் ஸ்டேஷன் வராந்தாவில் நாற்காலி போட்டு, பைனாகுலரில் மலையை ஒரு முறை பார்த்து, மீசையைத் தடவுவார். அந்த வாரம் ஸ்டேஷனில் வந்து குரல் உயர்த்திப் பேசியவன் எவனோ, அவனே கொலையாளி. பேப்பர்காரர்கள் அவருக்கு 'மலைப்புலி' என்று பட்டம் கொடுத்தார்கள்.

கோர்ட்டுக்கு மட்டும் சாட்சி வேண்டும். பிணம் கிடந்த இடம் இன்னின்னபடி இருந்தது, நாங்கள் கண்ணால் பார்த்தோம் என்று இரண்டு பேர் மகஜரில் கையெழுத்துப் போட வேண்டும். எந்த ஸ்டேஷனுக்கும் இதற்கென்று நிரந்தர சாட்சிகள் உண்டு. மூகனபெட்டாவுக்கு நாராயணசாமியும் அவன் கூட்டாளி இளங்கோவனும். இருவரும் ஒரு காலத்தில், நல்லபடியாக உயிரோடிருந்த கவுன்சிலர் ஒருவரின் பிறந்தநாள் வாழ்த்தைக் கண்ணீர் அஞ்சலிக்குரிய கறுப்புக் கட்டத்துக்குள் எழுதிவிட்டு உள்ளே போக இருந்தவர்கள். அப்போது சப்-இன்ஸ்பெக்டராக இருந்த டென்சில்தான் காப்பாற்றினார். அந்த நன்றிக்காக, ஒவ்வொரு பிணத்துக்கும் பஸ் ஏறி வரும் சிரமம் எதற்கு என்று, ஒரே உட்காரலில் பத்து வெள்ளைத் தாள்களின் அடியில் இருவரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள்.

தப்பு அங்கேதான் நடந்தது. தாளை நிரப்பி டென்சில் கையெழுத்துப் போட்டு மை காய்ந்ததும், சாட்சிகள் இருவரும் எங்கே இருந்தாலும் மலையில் இருந்தார்கள். அதுவும் போலீஸ் எழுதிய நேரத்தில் அல்ல, கொலை நடந்த நேரத்தில். டென்சில் கையெழுத்தும் அதில் உண்டே, அவர் ஏன் போகவில்லை என்று கேட்கலாம். "சாட்சிகள் பார்த்தார்கள்" என்றுதான் அவர் எழுத வைப்பார். தான் அங்கே நின்றதாக ஒரு வரிகூட இருக்காது. மாட்டாமல் எழுதத் தெரிந்த மனிதர்.

நாராயணசாமி பார்த்தது ஒரே ஆளைத்தான். சித்திரை வெயிலிலும் நீல ரெயின்கோட் போட்டவன். வேலை முடிந்ததும் ஒரு கைப்பிடிப் புல்லைப் பிடுங்கிக் கையைத் துடைப்பான். பிறகு நிதானமாகத் திரும்பி, சாட்சிகள் நிற்கும் இடத்தைப் பார்ப்பான். முதல் தடவை இருநூறு அடிக்கு அப்பால் இருந்தான். இரண்டாம் தடவை நூற்றைம்பது. மூன்றாம் தடவை அவன் உதடு அசைவது தெரிந்தது, எண்ணிக்கொண்டிருந்தான். ஆறாம் தடவை, எப்போதும் நாற்பதடி முன்னால் நிற்கும் இளங்கோவன், நீலசந்திராவில் தன் கட்டிலில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு செத்துக் கிடந்தான். பாதத்தில் செம்மண், கைக்குள் ஒரு பிடி புல். டாக்டர் மாரடைப்பு என்று எழுதினார்.

ஆனால் மிச்சத் தாள்களில் இளங்கோவனின் கையெழுத்து இருந்ததே. ஆகையால் ஏழாவது மகஜருக்கும் அவன் மலைக்கு வந்து பக்கத்தில் நின்றான். எட்டாவதுக்கும் வந்தான். ஒன்பதாவதில் ரெயின்கோட் பன்னிரண்டு அடியில் நின்று புல்லைக் கீழே போட்டபோது, இளங்கோவன் அலுப்போடு கேட்டான்: "நாராயணா, இன்னும் எத்தினி பேப்பர்டா இருக்குது?"

ஒன்றுதான் இருந்தது. அடுத்த தடவை ரெயின்கோட்காரன் கை எட்டும் தூரத்தில் நிற்பான் என்பது கணக்குத் தெரியாதவனுக்கும் தெரியும். நாராயணசாமி அந்த ஒரு தாளைத் திருப்பிக் கேட்டு மூகனபெட்டாவுக்குப் போனான். கொலை செய்கிறவன் உள்ளே இருக்கும் ஒன்பது பேரில் ஒருவனும் இல்லை என்றும் சொன்னான். டென்சில் சிரிக்கவில்லை, கோபித்துக்கொள்ளவும் இல்லை. வாக்குமூலங்கள் எல்லாம் டைப் ஆகிவிட்டன, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று, லேட்டாக வந்த பயணியிடம் ரயில்வே கிளார்க் சொல்வதுபோல் சொல்லி, தாளைக் கொடுக்காமலே அனுப்பினார்.

ஆவணியில் பத்தாவது கொலை விழுந்தது. எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து மலையேற வந்த சாஃப்ட்வேர்க்காரர். படிக்கட்டு ஓரம் வெள்ளரிக்காய் விற்கும் மஞ்சுநாத், கூடையைக் கான்ஸ்டபிள் உதைத்தார் என்று அந்த வாரம் ஸ்டேஷனில் சத்தம் போட்டிருந்தான். மறுநாளே அவனைப் பிடித்தாயிற்று. அவன் மனைவி ரக்ஷிதா நீலசந்திராவுக்கு விசாரித்துக்கொண்டு வந்து, ஏணிக்கடியில் நின்று, கன்னடமும் தமிழுமாகக் கேட்டாள்: "அண்ணா, ஒம்பது கேஸ்லயும் நீங்கதான் சாட்சியாமே. என் கண்டன் அங்க இருந்தாரா இல்லியா, அது மட்டும் ஹேளி, சொல்லுங்க." நாராயணசாமி ஏணியை விட்டு இறங்காமலே, இன்னும் தாள் எழுதவில்லை என்றான். அவளுக்கு அது விளங்கவில்லை. அவனுக்கு விளங்கியதால் அன்று முழுவதும் ஒரு எழுத்தும் நேராக வரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு ரிச்சர்ட்ஸ் டவுனில், சர்ச்சை ஒட்டிய ஹாலில் டென்சிலுக்குப் பாராட்டு விழா. மகஜர் எழுதும் ஸ்டேஷன் ரைட்டர் அம்மை போட்டுப் படுத்திருந்தார். பத்தாவது கேஸும் முடிந்தது என்று மேடையில் அறிவிக்க வேண்டுமே. விழா பேனரை எழுதிக்கொண்டிருந்த நாராயணசாமியை டென்சில் போனில் பிடித்து, கடைசித் தாளை ஆள் மூலம் அனுப்பினார். "உன் கையெழுத்துதான் முத்து மாதிரி இருக்கே, நீயே எழுதிக் கொண்டாந்துடு. என்னைப் பத்தியும் ரெண்டு வரி நல்லா போடு."

நாராயணசாமி எழுதினான். சம்பவ இடத்தில் மஞ்சுநாத் இல்லை என்று எழுதினான். முந்தைய கொலைகளின்போது மற்ற ஒன்பது பேரும் அங்கே இல்லை என்று எழுதினான். நீல ரெயின்கோட்டை எழுதினான். பிறகு டென்சில் கேட்ட இரண்டு வரிகள்: 'இன்ஸ்பெக்டர் டென்சில் அவர்கள் உச்சிப்பாறையில், கொலையாளிக்கும் சாட்சிகளுக்கும் நடுவே அஞ்சாமல் நின்றார். உண்மைக் குற்றவாளி பிடிபடும்வரை அவ்விடத்தைவிட்டு அகலவில்லை.'

மேடை நாலடி உயரம். டென்சில் நாற்காலியின் கையை விடாமல் பிடித்து உட்கார்ந்திருந்தார். பொன்னாடை போர்த்தி, சந்தன மாலை போட்டு, ஒரு பேச்சாளர் அவரைச் சிகரம் என்று வர்ணித்துக்கொண்டிருந்தார். தாளை நீட்டியதும் டென்சில் தன் பெயர் வரும் இரண்டு வரிகளை மட்டும் படித்தார். மீசை மலர்ந்தது. கையெழுத்துப் போட்டார்.

நாராயணசாமியின் உள்ளங்கால் குளிர்ந்தது. ரெயின்கோட் கை எட்டும் தூரத்தில்தான் இருந்தது. இவ்வளவு கிட்டத்தில் அவனுக்கு அந்த முகம் தெரிந்தது; அது எப்படி இருந்தது என்று அவன் சின்னத்தாயியிடம்கூட இன்றுவரை சொன்னதில்லை. புல்லின் பச்சைக் கறையோடு ஒரு கை அவன் கழுத்தை நோக்கி வந்தது. "கடைசிதானே?" என்றான் இளங்கோவன். அப்போது ரெயின்கோட்டுக்கும் சாட்சிகளுக்கும் நடுவே, பொன்னாடையும் மாலையுமாக, பேனாவைத் திறந்து பிடித்தபடி டென்சில் நின்றார். ரெயின்கோட் இருபது அடி பின்வாங்கியது. தன் சர்வீஸில் டென்சில் ஒரு நிஜக் கொலையாளியைப் பின்வாங்க வைத்தது அந்த ஒரு தடவைதான்; அதையும் அவர் பார்க்கவில்லை. கால் பக்கத்தில் பாறை முடிந்து காற்று தொடங்குவதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாராயணசாமி," என்றார், உதடு மட்டும் அசைய. "என்னைக் கீழ எறக்கி விட்டுடுப்பா."

"பேப்பர்ல அப்படி இல்ல ஸார்."

ஹாலில் நாற்காலி காலியாக இருந்தது. விழாத் தலைவர் இன்ஸ்பெக்டருக்கு அவசர அலுவல் என்று அறிவித்து, பிரியாணிப் பந்தியைத் தொடங்கி வைத்தார். இன்ஸ்பெக்டரே கையெழுத்திட்ட மகஜர் என்பதால் கோர்ட்டு மறுபேச்சில்லாமல் மஞ்சுநாத்தை விட்டது. மற்ற ஒன்பது பேரும் ஒன்றரை வருடத்தில் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். இளங்கோவன் அதற்குப் பிறகு எங்கும் வரவில்லை. மலையில் கொலையும் விழவில்லை. டென்சில் உச்சியில் நிற்பது அடிவாரத்திலிருந்தே தெரிவதால், இலாகா அவரைப் பணியில் இருப்பதாகவே வைத்து இன்கிரிமென்ட்டும் கொடுத்தது. மௌரீன் தினமும் அனுப்பும் டிபன் கேரியரை மஞ்சுநாத்தான் கடைசி வளைவு வரை கொண்டுபோய் வைக்கிறான். சாயங்காலம் கேரியர் கழுவித் துடைத்து அதே இடத்தில் இருக்கும். அடுக்குகளில் பச்சைப்புல் வாசனை அடிக்கும். யார் கழுவுகிறார்கள் என்று மௌரீனும் கேட்டதில்லை, மஞ்சுநாத்தும் சொன்னதில்லை.

மலையேற வருகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஊராட்சி அடிவாரத்தில் ஒரு போர்டு வைத்தது. எழுதியது நாராயணசாமி. மலையின் உயரம், நுழைவுக் கட்டணம், பிளாஸ்டிக் தடை, உச்சியில் இன்ஸ்பெக்டருக்கும் அவர் பின்னால் நிற்பவனுக்கும் இடையே உள்ள தூரம். வருடத்துக்கு ஒரு முறை புதிய இன்ஸ்பெக்டர் வராந்தாவில் நாற்காலி போட்டு, பைனாகுலரில் பார்த்து, எண்ணைச் சொல்வார். போன சித்திரையில் நாராயணசாமி ஒன்பது அடியை அழித்து ஏழு அடி என்று எழுதினான். கட்டணத்தையும் முப்பதிலிருந்து நாற்பதாக்கச் சொன்னார்கள், ஆக்கினான்.