காலிக் கட்டம்

"பச்சை வந்துடுச்சு அக்கா. உங்க விதியில ஒரு பிரச்சினையும் இல்ல" என்று அவன் மூன்றாவது முறையாகச் சொன்னபோது அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவள் மருத்துவமனை மென்பொருளுக்கு விதி எழுதுகிறவள். நிரல் எழுதத் தொடங்கும் முன்பே, அதன் வரைபடத்தில் எது நடக்கலாம், எது நடக்கவே கூடாது என்று வரி வரியாக எழுதிவைப்பது அவள் வேலை. அவன் சோதனை செய்கிறவன். வாயைத் திறந்தால் பச்சை என்பதால் அலுவலகத்தில் அவன் பெயரே பச்சை ஆகிவிட்டது.

சண்டை ஒரே ஒரு வரியைப் பற்றி. 'நோயாளிக்கு ஒத்துக்கொள்ளாத மருந்துகள் எல்லாவற்றையும் பார். கொடுக்கப்போவது அவற்றில் ஒன்றாக இருக்கக் கூடாது.' மாதிரிப் பதிவுகளில் ஏழாம் நோயாளியிடம் வந்ததும், விதியைச் சரிபார்க்கும் அவள் கருவி சிவப்பு காட்டியது. அவன் கருவி பச்சை காட்டியது. ஏழாம் நோயாளிக்கு, ஒத்துக்கொள்ளாத மருந்துகளை எழுதும் கட்டம் காலி. காலி என்றால் ஒத்துக்கொள்ளாதது எதுவுமே இல்லை என்று அவன் கருவி எடுத்துக்கொண்டது. அவள் கருவியோ எனக்குத் தெரியாது என்று கைவிரித்தது.

"தெரியாததும் இல்லாததும் ஒண்ணா?"

"கருவி அப்படிச் சொல்லுது. நான் என்ன பண்ணட்டும்?"

மேலாளர் கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ரெண்டு கருவியும் ஒத்துப்போகணும், அவ்வளவுதான். இல்லன்னா அந்த வரியைத் தூக்கிடுங்க. நாலு மணிக்கு அனுப்பணும்."

தூக்குவதா? போன வருஷம் அவள் தங்கைக்கு ஊசி போட்டவர்கள் கெட்டவர்கள் இல்லை. படிவத்தில் அந்தக் கட்டம் காலியாக இருந்தது. முகம் வீங்கி, மூச்சுக்குத் தவித்து, மூன்றாம் நாள்தான் தங்கை வாயிலிருந்து "அக்கா" என்ற சொல் வந்தது. யாரும் கேட்கவில்லை. கேட்காததை எல்லாரும் 'இல்லை' என்று படித்துவிட்டார்கள்.

அவள் நேரே பச்சையின் மேசைக்குப் போனாள்.

"உனக்கு ஒரு உசுரு விளக்கு மாதிரித் தெரியுதா? பச்சை எரிஞ்சா பையை மாட்டிட்டுக் கிளம்பிடலாம், இல்ல? ஒரு நாளாவது ஏன் எரியுதுன்னு பார்த்திருக்கியா?"

அவன் எழுந்து தன் நாற்காலியை அவள் பக்கம் தள்ளினான்.

"உக்காந்து திட்டுங்க அக்கா. காலையிலேர்ந்து நின்னுக்கிட்டே இருக்கீங்க."

அவள் உட்கார்ந்தாள். கோபம் போய்விடவில்லை. ஆனால் கத்துவதற்கு வாய் வரவில்லை. 'ஆண்டவனே, ஆத்திரத்தில் கண்ணை மறைத்துவிடாதே' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு தன் வரியை முதல் முறை படிப்பதுபோலப் படித்தாள். அப்போதுதான் உறைத்தது. இருக்கும் பட்டியலைப் பார் என்றுதான் எழுதியிருக்கிறாள். நோயாளியிடம் கேட்டாயா என்று எழுதவே இல்லை. அவள் கருவி சிவப்பு காட்டியது அவள் புத்தியால் அல்ல, அதன் குழப்பத்தால்.

"நானும்தான்டா கேக்கல" என்றாள்.

வரைபடத்தில் புதிதாக ஒரு கட்டம் போட்டாள்: 'கேட்டாச்சா?' ஆம் அல்லது இல்லை, இரண்டே பதில். காலியாக விட முடியாது. யாராவது மாற்றும்வரை 'இல்லை' என்றே நிற்கும். பழைய வரிக்கு மேலே இன்னொரு வரி: 'ஆம் என்று இருந்தால் ஒழிய மருந்து கிடையாது.' இருவரும் ஓட்டிப் பார்த்தார்கள். ஏழாம் நோயாளியிடம் இரண்டு கருவியும் சிவந்தன.

மேலாளர் வந்து எட்டிப் பார்த்தார். "என்னம்மா இது, ரெண்டும் சிவப்பு?"

"ஒத்துப்போகணும்னு சொன்னீங்க சார். ஒத்துப்போயிடுச்சு."

"விளையாடறீங்களா? எடுங்க அந்த வரியை."

"நீங்களே எடுங்க சார். எடுத்தவங்க பேரு எழுத ஒரு கட்டம் இருக்கு. அதையும் காலியா விட முடியாது."

அவர் பச்சையைப் பார்த்தார். அவன் தலையசைத்து மறுத்தான். "பச்சைன்னு நான் கையெழுத்துப் போட மாட்டேன் சார்."

மேலாளர் மருத்துவமனைக்குக் கைப்பேசியில், வேண்டாவெறுப்பாக, "ஒரு கட்டம் புதுசா சேர்த்திருக்கோம்..." என்று பேசிக்கொண்டே வெளியே போனார்.

பச்சை இன்னும் நின்றுகொண்டிருந்தான். அவள் எழுந்து நாற்காலியை அவன் பக்கம் தள்ளினாள்.

"உக்காரு. மிச்சத் திட்டை நின்னுட்டே வாங்கினா உனக்குக் கால் வலிக்கும்."