நேரில் வந்து எடுத்து கொள்ளளாம்

ஏலம் முடிய நாற்பது வினாடி இருக்கும்போது ஒற்று சார் மூச்சைப் பிடித்துக்கொண்டு கடைசித் தொகையைத் தட்டினார். வட்டம் சுற்றியது, நின்றது. திரையில் ‘வாழ்த்துகள்’ என்று வந்தது. நடுவில் வேண்டாத ‘க்’ போடாமல் சரியாக எழுதியிருக்கிறார்களே என்று அந்தப் பரபரப்பிலும் அவர் கவனித்தார். அச்சகத்தில் இருபத்திரண்டு வருடமாகப் பிழை திருத்துகிறவர். கல்யாணப் பத்திரிகையானாலும் கருமாதிப் பத்திரிகையானாலும் அவர் கண்ணுக்குத் தப்பி ஒரு புள்ளிகூட வெளியே போகாது. அதனால்தான் அந்தப் பெயர். சொந்தப் பெயரைச் சொல்லித் தேடி வந்தால் அச்சகத்தில் யாருக்கும் தெரியாது.

ஜன்னலோரம் பழைய தையல் மிஷினில் சட்டைப் பையை வைத்து ஓட்டிக்கொண்டிருந்த மனைவி காலை எடுத்துவிட்டுக் கேட்டாள். “கெடச்சிருச்சா?”

“கெடச்சிருச்சு.”

அவள் இரண்டு கைகளையும் மடியில் வைத்து விரல்களைப் பார்த்துக்கொண்டாள். ஒரு பள்ளிக்கூடத்துக்கு அறுநூறு சட்டையில் சின்னம் போட்டுத் தர வேண்டும். கையால் ஒன்று போட முக்கால் மணி நேரம். கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மிஷின் இருந்தால் ஆறு நிமிடம். புதியதை நினைத்துப் பார்க்க முடியாது. பழையதைத்தான் இரண்டு மாதமாக ஒற்று சார் ஏலத்தளத்தில் தேடிக்கொண்டிருந்தார்.

அந்த விஷயத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. மின்விசிறி, அச்சுப்பொறி, மச்சினனுக்குப் போன் என்று எல்லாம் ஏலத்தில் எடுத்தவைதான். ஒருமுறைகூட ஏமாந்ததில்லை. அச்சகத்தில் யார் எதை வாங்குவதானாலும் முதலில் அவரிடம் வருவார்கள். “நட்சத்திரத்தைப் பாக்காதீங்க, கொறை சொன்னவன் என்ன சொல்லியிருக்கான்னு படிங்க. பணத்தை சைட் வழியாவே கட்டுங்க. பொருள் வந்து, ஓட்டிப் பாத்து, அப்புறம்தான் ‘பெற்றுக்கொண்டேன்’னு அமுக்கணும். அதுக்கு முன்னாடி கழுத்துல கத்தி வச்சாலும் அமுக்கக் கூடாது.” இதை அவர் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பார் என்று கணக்கில்லை.

மறுநாள் விற்கிறவன் போன் செய்தான். குழைந்து, பாந்தமாகப் பேசினான். “சார், சைட்ல கட்டினா கமிஷனே பெருசாப் போயிடும். அதுல பாதியை உங்களுக்குக் கொறைச்சுடறேன். நேர்ல வாங்க, ஓட்டிப் பாருங்க. புடிச்சா குடுங்க, இல்லன்னா ஒரு டீ குடிச்சிட்டுக் கெளம்புங்க.”

“சைட்லயே கட்டிடலாமே,” என்றாள் மனைவி. “நீங்கதானே எல்லாருக்கும் சொல்வீங்க.”

“பாத்துட்டுத்தானே குடுக்கப்போறோம்,” என்றார் ஒற்று சார். அந்த இரண்டு சொற்களை, அதற்குப் பிறகு எத்தனையோ தடவை அவர் வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்திருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு இருவரும் போனார்கள். ரயில் பாதையை ஒட்டி வரிசையாகப் பூட்டிக் கிடந்த கிடங்குகள். ஒன்றின் ஷட்டர் மட்டும் இடுப்பளவு தூக்கியிருந்தது. வெளியே நின்றவன் சிரித்துக்கொண்டே கும்பிட்டான். “உள்ள இருக்கு சார், குனிஞ்சு வாங்க.” ஒற்று சார் குனிந்தார். பிடரியில் முதல் அடி விழுந்தது. என்னவென்று புரிவதற்குள் இன்னொன்று விலாவில். கண்ணாடி எங்கோ பறந்தது. கிடங்கு காலி. நான்கு சுவர், சிமெண்டுத் தூசி, அவ்வளவுதான். மிஷினும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை.

பணம் மனைவியின் கைப்பையில் இருந்தது. அவள் விடவில்லை. ஒருவன் அவள் கூந்தலைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளினான். அப்போதும் பையின் வாரை விரல்களில் சுற்றிப் பிடித்திருந்தாள். இரண்டாவது ஆள், சிரித்துக் கும்பிட்டவன், அவள் கைமேல் பூட்ஸ் காலை வைத்தான். ஒரு தரம் மிதித்துப் பார்த்தான். விடவில்லை என்றதும், சிகரெட்டை அணைப்பதுபோலக் குதிகாலை அழுத்தித் திருகினான். பென்சில் முறிகிற சத்தம் மூன்று முறை கேட்டது. அவள் கத்தியதை ஒற்று சார் கேட்டார். நான்கடி தூரத்தில், தூசியில் கன்னத்தை வைத்துப் படுத்திருந்தார். நினைவு தப்பவில்லை, எழுந்திருக்க முடியாத அளவுக்கு அடியும் இல்லை. ஆனால் அவர் கண்ணை மூடிக்கொண்டார். செத்தவன்போல மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு கிடந்தார். இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியுமா தெரியாதா என்பதும் அவருக்குத் தெரியாது.

மூன்று விரல்களுக்குக் கம்பி வைத்தார்கள். மூன்றும் ஒட்டின, ஆனால் மடங்கவில்லை. பள்ளிக்கூடம் சட்டைகளைத் திருப்பி வாங்கிக்கொண்டது. ஏலத்தளத்திலிருந்து, தளத்துக்கு வெளியே நடந்த பரிமாற்றத்துக்குத் தாங்கள் பொறுப்பில்லை என்று மரியாதையாக நான்கு வரி வந்தது. அதே விதியைத்தான் அவர் ஊருக்கெல்லாம் ஓதிக்கொண்டிருந்தார் என்பதால் அவரால் கோபப்படவும் முடியவில்லை. விற்றவனின் கணக்கு காணாமல் போயிருந்தது; முடிந்த ஏலங்களின் பட்டியலில் அவன் விளம்பரம் மட்டும் கிடந்தது. போன் நம்பர் செத்துப்போயிருந்தது. போலீசில் கொடுத்த புகார் கொடுத்த இடத்திலேயே கிடந்தது.

மனைவி இடது கையால் காய் நறுக்கப் பழகினாள். “உசுரு இருக்கில்ல, விடுங்க,” என்று ஒருநாள் சொன்னாள். ஒரு குறை வார்த்தை கிடையாது. அவள் திட்டியிருந்தால் அவர் பிழைத்திருப்பார். இரவு சாப்பாட்டுத் தட்டில் அந்த மூன்று விரல்களும் சோற்றைத் தொடாமல் விறைத்து நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் அவர் பாதிச் சோற்றில் எழுந்துவிடுவார். அச்சகத்தில் மதிய இடைவேளையில் டிபன் டப்பாவைத் திறக்காமல் போனைத் திறந்தார். எம்பிராய்டரி மிஷின் விளம்பரங்கள் ஒன்று விடாமல் படித்தார். வாங்குவதற்காக அல்ல.

எழுபதாவது நாளோ என்னவோ, அது கண்ணில் பட்டது. ‘அதிகம் உபயோக படுத்தாத மெசின். ஓட்டி பார்த்து எடுத்து கொள்ளளாம்.’ படம் வேறு. பெயர் வேறு. ஆனால் எழுத்து அதே எழுத்து. மூன்று ஒற்று இல்லை; ‘லா’ வரவேண்டிய இடத்தில் ‘ளா’. பழைய விளம்பரத்தை அவர் மனப்பாடமாக வைத்திருந்தார். ஒவ்வொருவனும் அவனுக்கென்று ஒரு மாதிரி தப்பு செய்வான், கைரேகை மாதிரி. இரண்டு பேர் ஒரே தப்பை ஒரே வரிசையில் செய்ய மாட்டார்கள் என்பது அவருடைய இருபத்திரண்டு வருட அனுபவம்.

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். அங்கிருந்தவர் இரண்டு விளம்பரத்தையும் பார்த்துவிட்டு போனைத் திருப்பிக் கொடுத்தார். “எழுத்துப் பிழைக்கெல்லாம் கேஸ் போட முடியாது சார். போட்டா நாடே உள்ளதான் இருக்கணும்.” பக்கத்து மேஜைக்காரர் சிரித்தார்.

ஒற்று சார் ஏலம் கேட்டார், ஜெயித்தார். போனில் கூப்பிட்டால் அந்தப் பக்கம் எடுக்கவில்லை. ‘மெசேஜ் பண்ணுங்க’ என்று மட்டும் வந்தது. குரலைக் காட்டப் பயப்படுகிறான் என்று அவருக்கு உறுதியாகிவிட்டது. ‘நேரில் வாங்க. பணமா குடுத்தா நல்லது.’ அதற்குமேல் என்ன வேண்டும்? மனைவியின் தம்பியிடம் மட்டும் சொன்னார். மூட்டை தூக்குகிறவன், தோளே கதவுபோல இருக்கும். அக்கா என்றால் உயிரை விடுவான்.

“அக்காட்ட சொல்லியாச்சா மாமா?”

“வேணாம்டா.”

“அப்ப சரி,” என்றான் மச்சினன்.

இடம் ஊருக்கு வெளியே ஒரு லாரிப் பட்டறை. விடுமுறை நாள், நல்ல வெயில். டயர் கழற்றிய ஒரு லாரி செங்கல்மேல் நின்றது. ஒல்லியாக, நரைத்த மீசையோடு, கிரீஸ் சட்டை போட்ட ஒருவன் கொட்டகையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தான். கிடங்கில் பார்த்த இரண்டு பேரில் ஒருவனாக அவன் இல்லை. கூட்டத்தில் மூன்றாவது ஆள் என்று ஒற்று சார் முடிவு செய்துகொண்டார். அவன் கும்பிட்டான். அந்தக் கும்பிடு போதும் அவருக்கு.

மச்சினன் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்து லாரியோடு சேர்த்து அறைந்தான். “உன் கூட்டாளிங்க எங்கடா?”

“நா… நா… நா…” என்றான் அவன். வாய் கோணியது. கண் பிதுங்கியது. வார்த்தை வரவில்லை.

“நடிக்கிறான்,” என்றார் ஒற்று சார். தரையில் ஜாக்கி லீவர் கிடந்தது. எடுத்தார். கனமாக, வெயிலில் சுட்டுக் கிடந்தது. அவர் வாழ்க்கையில் யார்மேலும் கைநீட்டியதில்லை. பெற்ற மகனையே அடித்ததில்லை. முதல் அடியைத் தோளில் போட்டார். இரண்டாவது முழங்காலில். அவன் மடிந்து விழுந்தான். உதடு செங்கல்லில் பட்டுக் கிழிந்து ரத்தம் மீசையில் இறங்கியது. “அந்த ரெண்டு பேர் யாரு? சொல்லு.” “நா… நா…” விலாவில் உதைத்தார். மூன்றாவது உதையில் அவன் கத்துவதை நிறுத்திவிட்டு முனகினான். மச்சினனே ஒரு நிமிடம் திகைத்து நின்றுவிட்டு, உள்ளே வேறு ஆள் இருக்கிறானா என்று பார்க்கக் கொட்டகைப் பக்கம் ஓடினான்.

கீழே கிடந்தவன் வலது கையைத் தரையில் ஊன்றி எழப் பார்த்தான். ஒற்று சார் அந்தக் கையைப் பார்த்தார். செருப்புக் காலைத் தூக்கி அதன்மேல் வைத்தார். உடம்பு பாரம் முழுவதையும் குதிகாலுக்குக் கொண்டுவந்து, மெதுவாக, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருகினார். எலும்பு நகர்வது உள்ளங்கால்வரை தெரிந்தது. எழுபது நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது ஏதோ அப்படியே இறங்கிப் போனதுபோல இருந்தது. இவ்வளவு நிம்மதியாக அவர் எதையுமே செய்ததில்லை.

“மாமா.” கொட்டகை வாசலில் மச்சினன் நின்றான். “நிறுத்துங்க மாமா. மிஷின் இருக்கு.”

அவர் போய்ப் பார்த்தார். சுத்தமாகத் துடைத்த பெஞ்சின்மேல் மிஷின் இருந்தது. வயர் இழுத்துக் கரண்டு கொடுத்திருந்தது. பச்சை விளக்கு எரிந்தது. ஓட்டிக் காட்டுவதற்காக வளையத்தில் வெள்ளைத் துணி மாட்டி, பாதிப் பூ போட்டு நிறுத்தியிருந்தது. ஊசியில் மஞ்சள் நூல். எதிரே இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள், தூசி தட்டி வைத்தவை.

ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போகும்போது அடிபட்டவன் நடுவில் உட்கார்ந்திருந்தான். கையைத் துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தான். துண்டு நனைந்துகொண்டே வந்தது. ஒற்று சாருக்கு ஒன்றைக் கேட்டே ஆக வேண்டியிருந்தது. “அந்த வெளம்பரம்… அதை யாரு எழுதுனது?”

அவன் பயந்து போய் நிமிர்ந்தான். பதில் சொல்ல வெகுநேரம் ஆனது. ஒவ்வொரு எழுத்தையும் தொண்டையிலிருந்து பிடுங்கிப் போட்டான். “எ… எனக்குப் பெருசா எழுத வ… வராது சார். பொ… பொண்ணு மிஷின். கட்டிக் குடுத்துட்டேன். ப… பழசு ஒண்ணு இருந்துச்சு சைட்ல. ப… பாத்து அப்படியே போட்டேன்.” கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னான். “வீடு நா… நாலாவது மாடி. உங்களுக்கு ஏத்த சு… சுலபமா இருக்கும்னுதான் பட்டறைக்குக் கொண்டாந்தேன்.”

ஆஸ்பத்திரி வாசலில் மச்சினன் அவர் காதோடு சொன்னான். “எறக்கி விட்டுட்டுப் போயிடலாம் மாமா. அவன் வாயத் தெறக்க மாட்டான்.” ஒற்று சார் அவனைப் போகச் சொன்னார். அவன் போகவில்லை. தூணோரம் போய்த் திரும்பி நின்று அக்காவுக்குப் போன் போட்டான்.

டாக்டர் இளவயதுப் பெண். துண்டைப் பிரித்ததும் அவள் முகம் சுருங்கியது. “எப்படி ஆச்சு?”

“ஜா… ஜாக்கி நழுவி… வ… வண்டி எறங்கிடுச்சு.” சொல்லிவிட்டு அவன் டாக்டரைப் பார்க்கவில்லை. ஒற்று சாரைத்தான் பார்த்தான். வாத்தியாரிடம் விடை சொன்ன பிள்ளைபோல, நான் சொன்னது சரிதானே, இனி அடிக்க மாட்டீர்களே என்று கேட்கிற பார்வை. அந்தப் பார்வையை அவர் முன்பு எங்கேயும் எதிர்கொண்டதில்லை. யாரும் அவரைப் பார்த்துப் பயந்ததே கிடையாது.

“இல்ல டாக்டர். நான்தான் அடிச்சேன்.”

குரல் எழும்பவில்லை. “என்ன?” என்றாள் டாக்டர். இன்னொரு தரம் சொன்னார். அவள் பேனா நின்றது. அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். கண்ணாடி, சட்டைப் பையில் சிவப்புப் பேனா, செருப்பு. செருப்பில் அவள் கண் நின்றது. “வெளிய பெஞ்சுல உக்காருங்க. எங்கயும் போகக் கூடாது. போலீஸ் வரும்.”

கட்டுப் போட்டு, எக்ஸ்ரேவுக்கு முறை வரும்வரை அவனையும் அதே நடையில், எதிர்ப் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். அவன் உதட்டை நக்கிக்கொண்டே இருந்தான். ஒற்று சார் எழுந்து குடத்திலிருந்து ஒரு தம்ளர் தண்ணீர் பிடித்துக்கொண்டு அவன் முன் போய் நின்று கையை நீட்டினார். அவன் சட்டென்று தலையைத் தாழ்த்தி, நல்ல கையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டான். தண்ணீர் அவர் மணிக்கட்டில் சிந்தியது. அப்படியே நின்றார். பிறகு தம்ளரைப் பெஞ்சின் ஓரத்தில் வைத்துவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்பிப் போனார்.

மனைவி வேகமாகப் படியேறி வந்தாள். தம்பி வாசலிலேயே பாதியைச் சொல்லி மீதியை விழுங்கியிருக்க வேண்டும். மூச்சிரைக்க நடுவில் நின்று, கட்டுப் போட்ட கையை ஒரு தரம் பார்த்தாள். கணவன் பக்கம் திரும்பினாள்.

“தம்பியா, நீங்களா?”

“நான்.”

“அந்த ரெண்டு பேர்ல ஒருத்தனா இவரு?”

அவர் தலையை ஆட்டினார், இல்லையென்று.

அவள் அவரைத் தாண்டிப் போய் எதிர்ப் பெஞ்சில், அந்த ஆளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். “தண்ணி குடிங்கண்ணே,” என்றாள். இடது கையால் தம்ளரை எடுத்து, மடங்காத மூன்று விரல்களை அடியில் முட்டுக் கொடுத்து, கிழிந்த உதட்டில் படாமல் சாய்த்துப் பிடித்தாள். கீழே ஜீப் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. அவன் மிடறு மிடறாகக் குடித்தான். தம்ளர் காலியாகும்வரை, அதன் விளிம்புக்கு மேலே, அவனுடைய இரண்டு கண்களும் இமைக்காமல் ஒற்று சாரின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தன.