ஆர்டிஸ் அடைத்த துளைகள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் யோசித்துப் பிடிக்கவில்லை. பாத்திரம் கழுவும்போது ஜன்னல் வழியாகக் கிடைத்தது. மினசோட்டாவில் இது எனக்குப் பதினேழாவது வசந்தம். பக்கத்து வீட்டு ஆர்டிஸ், பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள், அறுபத்திரண்டு வயது, ஒரு பழைய ட்ரெய்லரின் கூரைமேல் குப்புறப் படுத்து, மழை ஒழுகாமலிருக்கப் பசை தடவிக்கொண்டிருந்தாள். காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப்போய் ஏரிக்கரையில் குடியிருப்பார்களே, அந்த வண்டி. கழுவின தட்டையே நான் மறுபடி கழுவினேன்.

முதல் வரியாக எழுதியது இது: 'ஏப்ரலின் இளவெயிலில் தன் கனவின் மீது அவள்—'

அடித்துவிட்டேன். கனவின் மீது யாரும் முழங்கைக்குத் தலையணை வைத்துப் படுப்பதில்லை.

2

வண்டி வந்த அன்றே அவள் கணவன் வெர்லின் சுவரில் விரலை வைத்து அழுத்திப் பார்த்தான். விரல் உள்ளே போய்விட்டது.

"இது சுவரா, காபில நனைச்ச ரொட்டியா?"

"காஞ்சா சரியாயிடும்."

"இதப் பத்தி உனக்கு என்ன தெரியும் ஆர்டிஸ்?"

"ஐஸ் ரோட்டுல அம்பது புள்ளைங்கள வச்சு முப்பது வருஷம் ஓட்டியிருக்கேன். இது சத்தம் போடாம நிக்குற வண்டி. இதுக்கென்ன?"

வெர்லின் தலையைச் சொறிந்தான். "சரி. மே மாசம் மொத மழை வரட்டும். ஒரு சொட்டு உள்ள வந்தாலும் வித்துடறோம்."

"வித்துடறோம்" என்று அவளும் சொன்னாள்.

[இங்கே ஒரு அடைப்புக்குறி. அவளுக்கு இந்த வண்டி எதற்கு? வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் அந்த வீட்டில் இரண்டு அறை, இரண்டு டிவி. சாப்பாட்டு நேரம் தவிர இருவரும் பார்த்துக்கொள்வதில்லை. சண்டையெல்லாம் ஒன்றும் இல்லை, பழகிவிட்டது, அவ்வளவுதான். ட்ரெய்லரில் இருப்பது ஒரே மேஜை. எழுந்து போக இன்னொரு அறை கிடையாது. அவள் ஆசைப்பட்டது அந்த மேஜைக்கு. இதை அவளே என்னிடம் சொன்னாள், வேலிக்கு மேலாக, சிரித்துக்கொண்டே.]

3

உளுத்த பலகைகளைப் பெயர்த்தாள். வீடியோவைப் பார்த்துப் புதுப் பலகை அறுத்தாள். முதல் பலகை இரண்டு விரல் குட்டை, இரண்டாவது தலைகீழ். மூன்றாவதை மாட்டிவிட்டு என் பக்கம் திரும்பிக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள்.

இந்த இடத்தில் எனக்கு ஒரு சந்தேகம். கதாநாயகி இவ்வளவு சந்தோஷமாக இருக்கலாமா? கொஞ்சம் துயரம் சேர்க்கலாம் என்று பழைய நோய் ஒன்றை எழுதிப் பார்த்தேன். அவளோ கூரையில் விசிலடித்துக்கொண்டிருந்தாள். நோயை எடுத்துவிட்டேன்.

பிறகு அடைக்க ஆரம்பித்தாள். கண்ணில் பட்ட இடுக்கு, கீறல், திருகாணித் தலை, எல்லாவற்றிலும் பசை. ஜன்னல் சட்டத்தின் அடியில் வெளிப்பக்கம் இரண்டு சின்ன வெட்டுகள் இருந்தன. 'அடேயப்பா, இதுதான் ஒழுகுது' என்று அவற்றையும் கெட்டியாகப் பூசினாள்.

4

மே மாதம், மீன்பிடிப் பருவம் திறக்கிற சனிக்கிழமை. ஊரில் என்னைத் தவிர ஆம்பளை ஒருத்தன் இல்லை. வெர்லினும் ஏரிக்குப் போய்விட்டான். மத்தியானம் மழை பிடித்தது.

ஆர்டிஸ் குடையில்லாமல் ஓடி ட்ரெய்லருக்குள் ஏறினாள். கூரையில் சொட்டில்லை, மூலையில் சொட்டில்லை. மேஜைக்கு மேலிருக்கும் ஜன்னலில் மட்டும் சட்டம் நிரம்பித் தண்ணீர் வழிந்து கீழே இருந்த இருக்கை மெத்தையில் இறங்கியது.

தொட்டி போல் நிற்கிற தண்ணீரைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. சட்டத்தில் விழுகிற மழை வெளியே போகத்தான் அந்த இரண்டு வெட்டுகள். தண்ணீர் போகிற வாசலை அடைத்தது அவளேதான். பின்னல் ஊசியால் பசையைக் குடைந்து எடுத்தாள். தேநீர் நிறத்தில் தண்ணீர் பீச்சிக்கொண்டு வெளியே போயிற்று. அவள் ஈர மெத்தையில் உட்கார்ந்து முதலில் சிரித்தாள். அப்புறம் கொஞ்சம் அழுதாள்.

5

ஒரு எழுத்தாளனாக எனக்கு இங்கே வசதி அதிகம். வெர்லின் பார்க்கவில்லையே. மெத்தையைத் திருப்பிப் போட்டால் தீர்ந்தது. அப்படி எழுதியும் பார்த்தேன்: 'அவள் மெத்தையைத் திருப்பிப் போட்டுவிட்டு எதுவும் நடக்காததுபோல—'

முடியவில்லை. நிஜ ஆர்டிஸ், மழை விட்டதும், மெத்தையை முற்றத்துக் கொடியில், தெருவுக்கே தெரிகிற மாதிரி தொங்கவிட்டிருந்தாள்.

"மெத்தை ஏன் வெளிய தொங்குது?" என்றான் ஏரியிலிருந்து திரும்பிய வெர்லின்.

"நனைஞ்சிடுச்சு. மழை. தண்ணி வெளிய போற ஓட்டையையும் சேத்து அடைச்சுட்டேன் வெர்லின்."

அவன் மீன் பெட்டியைக் கீழே வைத்தான். உள்ளே ஐஸ் மட்டும்தான் இருந்தது.

"அப்ப, விக்கணும்ல?" என்றாள்.

வெர்லின் மெத்தையின் ஒரு முனையைப் பிழிந்தான். நெடுநேரம் பிழிந்தான்.

"நான் ஊர்ல இல்லாதப்ப பெஞ்சது எப்படி மொத மழையாகும்?"

6

வியாழக்கிழமை அவன் ஒத்துக்கொண்ட முதல் மழை பெய்தது. இருவரும் ட்ரெய்லர் மேஜையில் எதிரெதிரே, கையில் சீட்டு. என் ஜன்னலிலிருந்து தெளிவாகத் தெரிந்தது.* வெர்லின் ஒரு காகிதத் துண்டை மடித்து ஜன்னல் சட்டத்தின் அடியில் வைத்து அழுத்தினான். கொஞ்சம் பொறுத்து எடுத்தான். கைக்குள் கசக்கி, விரித்துப் பார்க்காமல் சட்டைப் பைக்குள் போட்டான்.

"எப்படியிருக்கு நம்ம வண்டி?" என்றாள் ஆர்டிஸ்.

"மோசமில்ல" என்றான். இந்த ஊரில் இதற்கு மேல் பாராட்டு கிடையாது. கல்யாணத்தன்று அவளைப் பார்த்தும் இதையேதான் சொன்னானாம். "சீட்டக் கலை. உன் முறை."

(* பேச்சு எப்படிக் கேட்டது என்பீர்கள். கேட்கவில்லை. மறுநாள் வேலியோரம் ஆர்டிஸ் சொன்னது.)

காகிதம் ஈரமா, காய்ந்ததா? இரண்டு விதமாகவும் எழுதி வைத்திருக்கிறேன். எழுதுகிறவனுக்கு எந்தப் பையிலும் கையை விடும் உரிமை உண்டு, ஆனால் இந்தப் பையில் விட எனக்கு மனசில்லை. உங்களுக்குத் தெரிந்தே ஆகவேண்டுமென்றால் போய்க் கேளுங்கள், கதவு திறந்துதான் இருக்கிறது. ஆட்டம் நடுவில் இருக்கிறது, ஏரிக்கரையில் வண்டியை நிறுத்த இடமும் சொல்லிவைத்தாயிற்று. ஒன்று மட்டும் சொல்லி அனுப்புகிறேன்.

காகிதம் ஈரமா என்று ஆர்டிஸ் கேட்கவில்லை.