ஸலவாத்தோடு முடிந்த கூட்டம்

பள்ளிவாசல் தலைவர் முத்தலிப் ஹாஜியார் தொண்டையைச் செருமிக்கொண்டு "ஸலவாத்துச் சொல்லுங்க" என்றதும், பள்ளிவாசலில் இருந்த அத்தனை பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். கச்சிமுகம்மதுவும் சொன்னார். சொல்லி வாயை மூடிய பிறகுதான் எதற்குச் சம்மதித்தோம் என்பது அவருக்கு உறைத்தது. தோணாவை நிரப்பிக் கடை கட்டுவதற்கு.

அந்த ஊரில் எந்தக் கூட்டமும் இப்படித்தான் முடியும். தலைவர் ஒரு முடிவைச் சொல்வார். அதைப் பற்றி எவனாவது யோசிப்பதற்குள் ஸலவாத்துக் கேட்பார். நபிகள் பேரில் வாழ்த்துச் சொல்லமாட்டேன் என்று எந்த முஸ்லிம் வாயை மூடிக்கொண்டிருப்பான்? சொல்லிவிட்டால் முடிவுக்கும் சம்மதம் என்று ஆகிவிடும். மறுநாள் யாராவது முணுமுணுத்தால், "ஸலவாத்துச் சொல்லி முடிச்ச விசயம்" என்று ஒரே வசனத்தில் அவன் வாயை அடைத்துவிடலாம். கச்சிமுகம்மது தன் குடிக்கு மரைக்கார். தாய்வழிச் சொந்தங்கள் எல்லோருக்குமாகப் பள்ளிவாசல் நிருவாகத்தில் போய் உட்காருகிறவர். வீதி விளக்குக்கும் கந்தூரிச் சோற்றுக்கும் எத்தனையோ தடவை ஸலவாத்துச் சொல்லியிருக்கிறார். அதனாலெல்லாம் ஒன்றும் முழுகிப்போகவில்லை. இது அப்படியல்ல. இதில் நிசமாகவே வீடுகள் முழுகப் போகின்றன.

ஊருக்கு மேற்கே வயல், கிழக்கே கடல். மாரியில் வயல் தாங்காத தண்ணீரும் தெருத் தண்ணீரும் தோணா வழியாகத்தான் கடலுக்குப் போயாக வேண்டும். அதை வாய்க்கால் என்றும் சொல்ல முடியாது, குளம் என்றும் சொல்ல முடியாது. வெயில் காலத்தில் பன் புல்லும் சேறுமாகச் செத்துக் கிடக்கும், கார்த்திகையில் எழும்பிவிடும். தெற்குக் கரையில் முஸ்லிம்கள், வடக்குக் கரையில் தமிழர்கள். கடை வாடகை மத்ரசாவுக்கு என்றார் ஹாஜியார். மண் அடிக்கப்போவது யாருடைய லொறி என்று ஒருவரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. "நாம புடிக்காட்டி அவனுகள் புடிச்சிருவானுகள்" என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு வசனத்துக்கு மேல் அங்கே யாருக்கும் மூளை வேலை செய்யவில்லை. தன்னுடையதும் வேலை செய்யவில்லையே என்றுதான் கச்சிமுகம்மதுவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அடுத்த கிழமையே லொறி வந்தது. சூறாவளி அடித்து நாலு வருடமாகியும் யாரும் அள்ளாத சுவர் இடிபாடு, உக்கிய தென்னங்குற்றி, சந்தைக் கழிவு, ஆட்டுக் குடல் எல்லாம் தோணாவுக்குள் போயின. அதற்கு மேலே வரிப்பத்தான்சேனைப் பக்கத்துக் கிரவல் மண்ணை ஒரு படை பரப்பியதும் பார்வைக்குத் துப்புரவான காணியாகிவிட்டது. அந்தச் சமயம் பார்த்துத்தான் சுருட்டுக்கடை அதாவுல்லாவுக்குக் கனவு வந்தது. பெயர் தெரியாத ஒரு அவ்லியா, ஒரு மகான், அந்த இடத்தில் அடங்கியிருக்கிறாராம். நல்ல வியாபாரம் ஓடக்கூடிய மூலையாகப் பார்த்து அடங்கியிருக்கிறாரே என்று கச்சிமுகம்மது வாய்க்குள் சொல்லிக்கொண்டார். விடிந்தபோது கிரவல் மேட்டில் ஒரு பச்சைக் கொடி நின்றது. இனி அதை யார் தொடுவது?

கச்சிமுகம்மது அரசாங்கக் கந்தோருக்குப் போனார். மேசைக்குப் பின்னாலிருந்த உத்தியோகத்தர் பேனாவை மூடிவைத்துவிட்டு, "பள்ளிவாசல் காரியம் மரைக்கார், நாங்க கை வெக்க ஏலா" என்றார். தோணா பள்ளிவாசலுடையதா, ஊருடையதா என்று கேட்டார் இவர். அந்த மனிதர் சிரித்துத் தேத்தண்ணீர் சொல்லி அனுப்பினார். இவர் குடிக்கவில்லை.

திரும்பி வரும்போது பாலத்தடியில் சைக்கிளை நிறுத்தினார். வடக்குக் கரையிலும் புதுமண் கிடந்தது. அதன் நடுவில் மஞ்சள் பூசிய சூலம் ஒன்று. பாலத்தின் ஓரச் சுவரில் தம்பையா உட்கார்ந்திருந்தார். அக்கரைக் கோயிலில் ஒரு குடிக்கு வண்ணக்கர். இங்கே மரைக்கார் செய்யும் வேலையை அங்கே அவர் செய்கிறார். இருவரும் ஒரே கண்டத்தில் பக்கத்துப் பக்கமாக வயல் செய்கிறவர்கள்.

"என்ன வண்ணக்கர், உங்கட பக்கமும் ஒண்டு முளைச்சிட்டுதோ?"

"உங்கட பக்கம் முளைச்சதப் பாத்துத்தான் மரைக்கார் இது முளைச்சது. அவங்க முழுக்கப் புடிக்க முந்தி நாம கொஞ்சம் புடிப்பம் எண்டு கூட்டத்தில கதைச்சாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"அரோகரா எண்டு சொன்னன். எல்லாரும் சொன்னாங்க, நானும் சொன்னன்."

வேறொரு நாளென்றால் இருவரும் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள். நடுவில் மிச்சமிருந்த தண்ணீரைக் கச்சிமுகம்மது பார்த்தார். ஒரு தோணியைக் குறுக்கே விட்டால் இரண்டு கரையிலும் இடிக்கும்.

"மாரிக்கு இது எதால ஓடுற?"

"நம்மட வீடுகளுக்குள்ளாலதான்" என்றார் தம்பையா. அவர் முகத்திலும் சிரிப்பு இல்லை.

மழை பிடித்துக்கொண்டது. மூன்றாம் நாள் தறித் தெருவில் நெசவாளர்கள் கால் விட்டு மிதிக்கும் தறிக்குழிகள் எல்லாம் கிணறாகின. பாவோடு நூல் நனைந்து கிடந்தது. றபீக்கா என்றொருத்தி தன் பிள்ளையைக் கட்டிலில் ஏற்றி வைத்துவிட்டு, குசினிக்குள் முழங்கால் தண்ணீரில் நின்று சட்டி பானை பொறுக்குவதைக் கச்சிமுகம்மது கண்டார். "மரைக்கார், பள்ளியில சொல்லுங்களேன்" என்றாள் அவள். பள்ளியில்தானே எல்லாம் சொல்லி முடித்திருக்கிறார்கள்.

அஸர் தொழுகை முடிந்ததும், எழும்பப்போன சனங்களுக்கு முன்னால் போய் நின்றார்.

"தோணாவ வெட்டித் தொறக்கணும். இண்டைக்கே."

ஹாஜியார் தஸ்பீஹ் மணியை உருட்டுவதை நிறுத்தவில்லை. "மழையும் வெள்ளமும் அல்லாட நாட்டம், மரைக்கார். பொறுமை செய்யுங்க."

"மழை அல்லாட நாட்டம்தான் ஹாஜியார். லொறி உங்கட."

எழும்பப்போனவர்கள் மறுபடி உட்கார்ந்தார்கள்.

"ஸலவாத்துச் சொல்லி முடிச்ச விசயத்தப் புரட்டப் பாக்காதீங்க."

"ஸலவாத்து ரசூலுல்லாவுக்குச் சொன்ன. உங்கட கடைக்குச் சொல்லல்ல."

மணி உருளுவது நின்றது. "அதில மம்பெட்டி வெச்சீங்கண்டா நீங்க மரைக்கார் இல்ல. உங்கட வீட்டில ஒரு மௌத்து விழுந்தா பள்ளிச் சந்தூக்கும் வராது. யோசிச்சிக் கொள்ளுங்க."

சந்தூக்கு என்றால் செத்தவரைத் தூக்கிப் போகிற பெட்டி. ஊருக்கே அது ஒன்றுதான். அதை மறுப்பதென்றால், இவன் செத்தால் எங்களுக்கு இவன் யாருமில்லை என்று உயிரோடிருக்கும்போதே சொல்லிவிடுவது.

சங்கதி அவருக்கு முன்பே வீடு வந்து சேர்ந்திருந்தது. மனைவி சுஹறா சோற்றை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"நம்மட வளவு மேடு. முத்தத்தில ஒரு சொட்டுத் தண்ணி நிக்கல்ல. உங்களுக்கென்ன வந்திச்சி?"

சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டார். இந்த 'உங்களுக்கென்ன'வைத்தான் ஊர் முழுக்கத் தின்று வளர்ந்திருக்கிறது! கந்தோர்க்காரனும் அதைத்தான் சொன்னான், கொஞ்சம் மரியாதையாக. கூட்டத்தில் அவரவர் மனதில் ஓடியதும் அதுதான். அவர் மனதிலும் அதுதான் ஓடியிருக்கும், இல்லாவிட்டால் அன்றைக்கு ஏன் வாயைத் திறந்து கேட்கவில்லை?

"நான் மௌத்தானா மாட்டு வண்டில்ல போட்டுக் கொண்டு போங்க" என்றார்.

"என்ட மௌத்துக்கு?" என்று கேட்டாள் சுஹறா. அதை அவர் யோசித்திருக்கவில்லை.

விடியற்காலை சுபஹு தொழுதுவிட்டு மண்வெட்டியைத் தேடினார். மூலையில் அது இல்லை. கிணற்றடியில், வாளித் தண்ணீருக்குள் தலைகீழாக நின்றது. ஆடிக்கொண்டிருந்த பிடி இறுகட்டும் என்று இராத்திரியே சுஹறா ஊறப் போட்டிருந்தாள். எடுத்து ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை.

மேட்டுக்குப் போனதும் முதலில் கொடியைப் பிடுங்கி, துணியை மடித்து, பின்னாலேயே ஓடி வந்த அதாவுல்லாவின் கையில் கொடுத்தார். "உங்கட கனவு. நனையாமக் கொண்டு போய் வைங்க." பிறகு சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு வெட்டத் தொடங்கினார். கிரவல் லேசாக வந்தது. அதற்குக் கீழே செங்கல்லும் நாற்றமும். வயது அறுபதைத் தொடுகிறது, மூச்சு இரைத்தது. கரையில் கூட்டம் சேர்ந்தது. தறித் தெரு ஆட்கள் தொடை வரை நனைந்த சாரனோடு ஒதுங்கி நின்றார்கள். அக்கரையிலும் ஆட்கள் சேர்ந்திருந்தார்கள். தம்பையா சூலத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றார், வெறுங்கையோடு.

ஹாஜியார் குடையோடு வந்தார். தொண்டையைச் செருமினார்.

"இந்த ஆளுக்கும் நம்மட ஜமாஅத்துக்கும் இண்டையிலிருந்து ஒரு சம்பந்தமுமில்ல. எல்லாரும் ஸலவாத்துச் சொல்லுங்க."

ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஹாஜியார் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார்.

கச்சிமுகம்மது நிமிர்ந்தார். முகத்தில் வழிந்த சேற்றைப் புறங்கையால் துடைத்தார். இரண்டு கரைக்கும் கேட்கிற மாதிரி, "அல்லாஹும்ம ஸல்லி அலா ஸெய்யிதினா முஹம்மத்" என்று தனியாக, முழுதாகச் சொன்னார். சொல்லிக்கொண்டே மண்வெட்டியை ஓங்கி இறக்கினார்.

அப்போதுதான் கரையிலிருந்து குரல்கள் எழும்பின, முதலில் தறித் தெருப் பக்கம், பிறகு மற்றவர்கள். யார் சொன்னதற்கு அவர்கள் ஸலவாத்துச் சொன்னார்கள் என்று ஹாஜியாருக்கு விளங்கவில்லை, குடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். அக்கரையில் தம்பையா யாரிடமோ மண் குத்துகிற அலவாங்கைக் கேட்டுக் கை நீட்டிக்கொண்டிருந்தார். கச்சிமுகம்மதுவின் இரண்டு பாதங்களுக்கும் நடுவால், விரல் பருமனில், தண்ணீர் கடல் பக்கமாக ஊரத் தொடங்கியிருந்தது.